உங்க சூட்கேஸை யார் பார்க்கிறாங்க? திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணுக்குத் தெரியாத பெல்ட்டின் கதை!

எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டிலிருந்து யாராவது சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்புகிறார்கள் என்றால், அது அந்த வீட்டு விஷயம் மட்டும் இல்லை. தெருவே பேக்கிங் செய்யும். பக்கத்து வீட்டு அத்தை ஊறுகாய் டப்பாவோடு வருவார். அடுத்த தெரு அண்ணன், "தம்பி, இது என் மச்சானுக்கு. அரைக் கிலோதான் இருக்கும். அவனே ஏர்போர்ட்டுக்கு வந்து வாங்கிப்பான்" என்று ஒரு பார்சலை நீட்டுவார். எடை மெஷினில் பெட்டியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, கடைசியில் ஜிப்பை மூட ஒருவர் பெட்டி மேலேயே உட்கார வேண்டியிருக்கும்.

அவ்வளவு பாடுபட்டு மூடிய பெட்டியை, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விமான நிலையத்தின் கவுன்டரில் வைக்கிறோம். ஒரு டேக் ஒட்டுகிறார்கள். பெல்ட் நகர்கிறது. ரப்பர் திரைக்குப் பின்னால் பெட்டி மறைந்துவிடுகிறது. இனி அடுத்த நாட்டில்தான் அதைப் பார்ப்போம்.

அந்த ரப்பர் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? திருச்சியின் புதிய டெர்மினல் பற்றி இதுவரை வந்த ரீல்ஸ் எல்லாம் கோலங்களையும், ஸ்ரீரங்கம் கோபுர வண்ணங்களையும், கண்ணாடிச் சுவர்களையும்தான் காட்டின. ஆனால், அந்தக் கட்டடத்தில் உங்கள் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி, கேமரா போகாத அந்த பெல்ட்தான்.

முன்னாடி எப்படி இருந்தது?

நம்மூர் விமான நிலையங்களில் பல வருடம் பழக்கமான காட்சி இது. உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய எக்ஸ்ரே மெஷின். அதற்கு முன்னால் டிராலிகளோடு வரிசை. பெட்டியைத் தூக்கி பெல்ட்டில் வைத்து, அந்தப் பக்கம் ஓடிப்போய் எடுக்க வேண்டும். 'பார்த்தாச்சு' என்பதற்கு அடையாளமாக ஒரு ஸ்டிக்கரோ பிளாஸ்டிக் பட்டையோ போடுவார்கள். அதற்குப் பிறகுதான் செக்-இன் கவுன்டர்.

இதில் இரண்டு பிரச்னைகள். ஒன்று, கூட்டம். இரண்டு, ஸ்கேன் ஆன பெட்டி மறுபடி பயணியின் கைக்கே வருகிறது. கவுன்டருக்குப் போவதற்குள் யாராவது பெட்டியைத் திறந்து எதையாவது வைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பட்டை. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை நம்பி ஒரு விமானம் பறந்தது என்றுகூடச் சொல்லலாம்.

திருச்சியின் பழைய டெர்மினல் 2009-ல் திறக்கப்பட்டது. 2012-ல் சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்து கிடைத்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நாடுகள் என வெளிநாட்டுப் பயணிகள் கூடக் கூட இடம் போதவில்லை. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய புதிய டெர்மினலை 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் மோடி திறந்துவைத்தார். அந்த ஆண்டு ஜூன் 11 முதல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகள், நெரிசல் நேரத்தில் சுமார் 3,500 பேர் என்பது அதன் திறன்.

இந்த 3,500 என்ற எண்ணை வைத்து ஒரு சின்ன கணக்குப் போடலாம். பாதிப் பேர் கிளம்புகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் ஒரு மணி நேரத்தில் 1,750 பெட்டிகள். அதாவது, இரண்டு நொடிக்கு ஒரு பெட்டி. ஒருவர் ஒரு பெட்டியின் படத்தைப் பார்க்க 10 நொடி எடுத்தால், நிமிடத்துக்கு 6 பெட்டிதான் பார்க்க முடியும். ஐந்து மெஷின், ஐந்து பேர், இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தால்தான் சமாளிக்கலாம். எல்லோரும் மனிதர்கள்தானே... முடியுமா?

இதற்கான பதில்தான் 'இன்லைன்' ஸ்கிரீனிங். ஸ்கேனரை ஹாலிலிருந்து எடுத்து, கவுன்டருக்குப் பின்னால் ஓடும் பெல்ட்டிலேயே பொருத்திவிடுவது. நீங்கள் நேராக கவுன்டருக்குப் போகலாம். எடை, டேக், அவ்வளவுதான். பெட்டி பெல்ட்டில் போகப் போக, போகிற வழியிலேயே பரிசோதனை நடக்கும். நடுவில் யார் கையும் படாது.

ஒரு பெட்டி, நான்கு கட்டங்கள்

இன்லைன் முறையை ஒரு சல்லடை வரிசை என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சல்லடையில் எல்லாப் பெட்டிகளும் விழும். கடைசிச் சல்லடைக்கு மிகச் சில பெட்டிகள்தான் வரும்.

முதல் கட்டத்தில் மனிதர் யாரும் இல்லை. ஓடும் பெல்ட்டிலேயே மெஷின் பெட்டியைப் படமெடுத்து, உள்ளே இருக்கும் பொருள்களின் அடர்த்தியையும் தன்மையையும் கணக்கிட்டு, சில நொடிகளில் 'போகலாம்' அல்லது 'சந்தேகம்' என்று தானே முடிவு செய்கிறது. 'போகலாம்' என்றால் பெட்டி நேராக விமானத்துக்கான பகுதிக்குப் போய்விடும்.

'சந்தேகம்' என்றால் இரண்டாம் கட்டம். பெட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் படம் மட்டும் தனி அறையில் இருக்கும் ஒருவரின் திரைக்குப் போகும். அவருக்குக் கிடைப்பது சில நொடிகள். திரையில் ஆரஞ்சு நிறம் என்றால் உணவு, துணி, பிளாஸ்டிக் மாதிரியான கரிமப் பொருள். நீலம் என்றால் உலோகம். பச்சை என்றால் இடைப்பட்டவை. அவரும் 'தெரியலை' என்றால் பெட்டி வேறு பாதைக்குத் திருப்பப்படும்.

மூன்றாம் கட்டத்தில் இன்னும் நுணுக்கமான பரிசோதனை. ஆஸ்பத்திரியில் சி.டி ஸ்கேன் பார்த்திருப்பீர்கள் இல்லையா? அதே தொழில்நுட்பம்தான். பெட்டியைச் சுற்றி எக்ஸ்ரே சுழன்று, துண்டு துண்டாகப் படமெடுத்து, முப்பரிமாணத்தில் காட்டும். பெட்டியின் மேல் துடைத்து எடுத்த துணியில் வெடிமருந்துத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவிகளும் உண்டு. சில விமான நிலையங்களில் முதல் கட்டத்திலேயே சி.டி மெஷினை வைத்துவிடுகிறார்கள்.

அதையும் தாண்டினால் நான்காம் கட்டம். பயணியை அழைத்து, அவர் முன்னால் பெட்டியைத் திறப்பது. ஸ்பீக்கரில் உங்கள் பெயர் கேட்டு, வயிற்றைக் கலக்குமே... பெரும்பாலும் அது இதற்காகத்தான். திறக்கக்கூடாத அளவுக்குச் சந்தேகம் என்றால் வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். திருச்சி என்றாலே நியூஸில் வரும் தங்கம், பாம்பு, ஆமை பறிமுதல் எல்லாம் வந்திறங்கும் பக்கம், சுங்கத்துறை பிடிப்பவை. அது வேறு. நாம் பேசுவது கிளம்பும் பக்கம். இங்கே முதலில் தேடுவது கடத்தலை இல்லை. விமானத்தை வீழ்த்தக்கூடிய பொருளை.

மூன்று பெட்டிகள், ஒரே ஓட்டை

'இதெல்லாம் ஓவர் பில்டப் இல்லையா?' என்று தோன்றலாம். இதற்கான பதில் நம்ம தமிழ்நாட்டிலிருந்தே தொடங்குகிறது.

1984 ஆகஸ்ட் 2, சென்னை மீனம்பாக்கம். கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்காக ஒருவர் பெட்டிகளை ஒப்படைத்தார். ஆனால், அவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் விமான நிலையத்திலேயே தங்கின. குண்டு இருப்பதாகத் தொலைபேசி எச்சரிக்கை வந்தும், அவை உரிய நேரத்தில் அப்புறப்படுத்தப்படவில்லை. அன்று இரவு வெடித்ததில் 33 பேர் இறந்தார்கள்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1985 ஜூன் 23. கனடாவிலிருந்து புறப்பட்டு லண்டன் வழியாக டெல்லி வரவேண்டிய ஏர் இந்தியா 'கனிஷ்கா' விமானம், அயர்லாந்துக்கு அருகே அட்லான்டிக் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 329 பேரும் இறந்தார்கள். வான்கூவரில் ஒருவர் பெட்டியை ஒப்படைத்து, அது டொரன்டோ வழியாக ஏர் இந்தியா விமானத்துக்கு மாற வேண்டும் என்று அடம்பிடித்தார். பெட்டி போனது, அவர் ஏறவில்லை. அதே நாள் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில், இன்னொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாறவிருந்த பெட்டி வெடித்து, பெட்டி தூக்கும் ஊழியர்கள் இருவர் உயிரிழந்தார்கள்.

1988 டிசம்பர் 21. பான் ஆம் 103 விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்தது. ஊரில் இருந்த 11 பேர் உட்பட 270 பேர் பலி. ரேடியோ கேசட் பிளேயருக்குள் வெடிமருந்து, அது ஒரு சூட்கேஸுக்குள். அந்த சூட்கேஸ், கூடவே யாரும் வராமல் மால்டாவிலிருந்து விமானம் விட்டு விமானம் மாறி வந்தது என்பது நீதிமன்றத்தின் முடிவு.

மூன்றிலும் ஒரே ஓட்டை. பெட்டி இருக்கிறது, பெட்டிக்காரர் இல்லை.

அதனால்தான் உலகம் இரண்டு பாடங்களைச் சேர்த்தே படித்தது. ஒன்று, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார். இரண்டு, அந்தப் பெட்டிக்கு உரியவர் விமானத்தில் இருக்கிறாரா என்று பார். இந்தியாவில் விமானப் பாதுகாப்பு விதிகளைப் போடும் பி.சி.ஏ.எஸ் அமைப்பு 1978-ல் ஒரு பிரிவாகத் தொடங்கியது. கனிஷ்காவுக்குப் பிறகு, 1987 ஏப்ரல் 1 முதல் தனித்துறை ஆனது. அந்தக் காலத்தில் பறந்த பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள். விமானத்தில் ஏறும் முன், கீழே வரிசையாக வைத்திருக்கும் பெட்டிகளில் 'இது என்னோடது' என்று கைகாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். யாரும் கைகாட்டாத பெட்டி ஏறாது.

இன்று அந்த வேலையைச் செய்வது உங்கள் டேக்கில் இருக்கும் 10 இலக்க எண். பெட்டியின் நம்பர் பிளேட் அது. எந்தப் பயணி, எந்த விமானம் என்பது அந்த எண்ணோடு இணைந்திருக்கும். இன்லைன் முறையில் ஸ்கேன் முடிவும் அதே பெட்டியோடு சேர்ந்தே பயணிக்கிறது. 'ஒரு பயணி வரவில்லை, அவர் பெட்டியை இறக்குகிறோம், தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று எப்போதாவது அறிவிப்பு கேட்டு எரிச்சலாகியிருப்பீர்கள். அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் இருப்பது மேலே சொன்ன மூன்று தேதிகள்.

உலக அளவில் விமானப் போக்குவரத்து விதிகளை வகுக்கும் ஐ.நா அமைப்பான ஐ.சி.ஏ.ஓ, சர்வதேச விமானங்களில் ஏறும் ஒவ்வொரு பெட்டியும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது 2006 ஜனவரி 1 முதல்தான். கனிஷ்காவுக்கும் அதற்கும் இடையே 20 வருடங்கள்!

மெஷின் நின்னுபோச்சுன்னா?

கனிஷ்கா கதையில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. டொரன்டோவில் அன்று பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே மெஷின் பாதியிலேயே பழுதானது. மீதிப் பெட்டிகளைக் கையடக்க மோப்பக் கருவியால்தான் சோதித்தார்கள். அந்தக் கருவி நம்பகமானது இல்லை. விமானம் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பெட்டி ஸ்கிரீனிங் முறையை வடிவமைப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதனால்தான் 'எந்த மெஷின் வாங்கலாம்?' என்பது இல்லை. 'அது நின்றால் என்ன செய்வோம்?' என்பதுதான். தேவைக்கு இரண்டு மெஷின் என்றால் மூன்று வேண்டும். ஒரு பெல்ட் சிக்கிக்கொண்டால் பெட்டிகளை அடுத்த பெல்ட்டுக்குத் திருப்பும் வழி வேண்டும். பெல்ட்டில் ஒரு பெட்டியின் அடையாளத்தை சிஸ்டம் தவறவிட்டால், அது 'தெரியாத பெட்டி' ஆகிவிடும். மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் 'ஓகே' பக்கம் சாயக் கூடாது என்பதுதான் அடிப்படை விதி.

புதிய கட்டடத்துக்கு இதில் ஒரு பெரிய வசதி. சி.டி மெஷின் பல டன் எடை இருக்கும். அதைத் தாங்கும் தரை, அது உள்ளே வரும் அளவுக்குக் கதவு, பெல்ட் வளைந்து ஏறி இறங்க இடம் என எல்லாவற்றையும் வரைபடத்திலேயே யோசித்துவிடலாம். பழைய கட்டடத்தில், தினமும் விமானங்கள் பறந்துகொண்டிருக்கும்போதே இதைப் பொருத்துவது, ஓடும் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிற வேலை.

ஆனால், புதுசு என்றாலே சரியாக இருக்கும் என்றும் இல்லை. லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாவது டெர்மினல் 2008 மார்ச் 27 அன்று திறந்தது. முதல் நாளே பெட்டி சிஸ்டம் திணறியது. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, சோதனை ஓட்டம் போதவில்லை. விமானங்கள் ரத்தாகின, ஆயிரக்கணக்கான பெட்டிகள் மலைபோல் குவிந்தன. அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம், முழுக்கத் தானியங்கிப் பெட்டி சிஸ்டம் வேண்டும் என்ற ஆசையால் 16 மாதம் தாமதமாக 1995-ல் திறந்தது. 10 வருடத்தில் அந்த சிஸ்டத்தையே கைவிட்டார்கள். கட்டடம் கட்டுவது ஒரு வேலை, அந்த பெல்ட்டைப் பழக்குவது இன்னொரு வேலை.

திரைக்கு முன்னால் ஒரு மனிதர்

ஏர்போர்ட்டில் யூனிஃபார்ம் போட்டவர் எல்லோரும் சி.ஐ.எஸ்.எஃப் என்று நினைக்கிறோம். உங்களையும் உங்கள் கைப்பையையும் சோதிப்பது அவர்கள்தான். ஆனால் செக்-இன் பெட்டிகளின் படத்தைப் பார்ப்பது, விமான நிலைய நிர்வாகம் அல்லது விமான நிறுவனங்களின் சார்பில் வேலை செய்யும், பி.சி.ஏ.எஸ் சான்றிதழ் பெற்ற ஸ்கிரீனர்கள். பயணிகள் கண்ணில் படாத வேலை.

அவர்களுடைய பிரச்னை சலிப்பு. ஆயிரக்கணக்கான படங்களில் ஆபத்து ஒன்றுகூட இருக்காது. மாதக்கணக்கில் ஒன்றுமே வராது. ஆனால், வரும் அன்று தவறவிடக் கூடாது. மனித மூளைக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. அதனால்தான் போலியான குண்டுப் படங்களை நிஜப் பெட்டிகளின் படத்துக்கு நடுவே திடீரென்று நுழைத்து, ஸ்கிரீனர் கவனிக்கிறாரா என்று பார்க்கும் மென்பொருள் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஐரோப்பிய விதிப்படி ஒருவர் சாதாரணமாகத் தொடர்ந்து 20 நிமிடங்களுக்கு மேல் படம் பார்க்கக் கூடாது.

ஆக, நூறு கோடிகளில் சிஸ்டம் போட்டாலும், கடைசியில் அது ஓய்வு கிடைத்த ஒரு ஜோடிக் கண்களை நம்பித்தான் இருக்கிறது. புதிய டெர்மினலின் செலவுக் கணக்கில் மெஷினுக்கு எவ்வளவு என்று கேட்பதுபோல, அதைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை, ஷிஃப்ட், பயிற்சி பற்றியும் நாம் கேட்க வேண்டும்.

அல்வா ஏன் மாட்டுது?

இப்போது நம்ம பெட்டிக்கு வருவோம். வெடிமருந்து என்பது அடர்த்தியான கரிமப் பொருள். சாக்லேட், சீஸ், தேன் மாதிரியானவையும் அப்படித்தான். நம்மூர் கணக்கில் அல்வா, பால்கோவா கட்டி, நெருக்கிக் கட்டிய மாவுப் பொட்டலம். மெஷினுக்கு ருசி தெரியாது, அடர்த்திதான் தெரியும். மணப்பாறை முறுக்கு தைரியமாகப் போகும். நான்கு கிலோ அல்வாவை செங்கல் மாதிரி ஒரே இடத்தில் அடுக்கி, மேலே சார்ஜர் ஒயர்களைச் சுருட்டி வைத்தால் மெஷின் முழிக்கும். கனமான பொருள்களைப் பிரித்து, பெட்டி முழுக்கப் பரப்பி வையுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெட்டியில் வைக்கவே கூடாதவையும் உண்டு.

பவர் பேங்க்: இதுதான் இன்றைய பெரிய தலைவலி. லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால், கேபினில் என்றால் யாராவது பார்த்து அணைக்கலாம். கீழே சரக்குப் பகுதியில் யாரும் போக முடியாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யு.பி.எஸ் சரக்கு விமானம் விழுந்து இரண்டு விமானிகள் இறந்தது, லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் பிடித்த தீயால். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில், ஏர் பூசான் விமானம் தரையில் நிற்கும்போதே கேபினில் தீப்பிடித்து எரிந்தது. எல்லோரும் தப்பினார்கள். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றார்கள் விசாரணை அதிகாரிகள். அந்த ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், திருச்சிக்காரர்களுக்கு நன்றாகப் பழக்கமான ஸ்கூட்டும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தவே தடை போட்டன. கையில் எடுத்துப் போகலாம், பயன்படுத்தக் கூடாது.

கணக்கு எளிது. எம்.ஏ.ஹெச் அளவை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட் ஹவர். 20,000 என்றால் 74. 100 வரை கைப்பையில் பிரச்னை இல்லை. 30,000 என்றால் 111 ஆகிவிடும். விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எந்த அளவாக இருந்தாலும் செக்-இன் பெட்டியில் கூடாது.

கொப்பரை: சும்மா காய்ந்த தேங்காய்தானே என்று தோன்றும். அதில் இருக்கும் எண்ணெயால் தானாகவே சூடேறக்கூடிய பொருள் என்று சர்வதேச ஆபத்துப் பொருள் பட்டியலில் அது இருக்கிறது. கற்பூரம், எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். தீப்பெட்டி, லைட்டரும் அப்படியே. கோயில் பிரசாதப் பையை அப்படியே பெட்டியில் போடுகிறவர்கள் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

கசகசா: இது விமானத்துக்கு ஆபத்தில்லை, உங்களுக்கு ஆபத்து. ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு அம்மா கட்டிக்கொடுத்தது என்று அங்கே சொல்லிப் பயனில்லை.

ஸ்கேனருக்குத் தெரியாத ஒன்று

எல்லா மெஷின்களையும் தாண்டி ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்கும் ஒரு கதை உண்டு.

1986 ஏப்ரல் 17, லண்டன் ஹீத்ரோ. இஸ்ரேலின் எல் அல் விமானத்தில் ஏற ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார். அவரைத் திருமணம் செய்வதாகச் சொன்ன காதலன், ஒரு பையைக் கொடுத்து அனுப்பியிருந்தான். விமான நிலையத்தின் எக்ஸ்ரே சோதனையை அந்தப் பை தாண்டிவிட்டது. விமான நிறுவனத்தின் பாதுகாப்பு ஊழியர்கள் சாதாரணமாகச் சில கேள்விகள் கேட்டார்கள். பதில்களில் ஏதோ இடித்தது. பையைத் தனியாகச் சோதித்தார்கள். அடியில் வெடிமருந்து. அந்தப் பெண்ணுக்கு அது சுத்தமாகத் தெரியாது. மெஷின் விட்டதை, ஒரு கேள்வி பிடித்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்கேனர் சொல்லும். அதை வைத்தது யார் என்று சொல்லாது. டேக், பெட்டி உங்கள் பெயரில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அடுத்த தெரு அண்ணன் கொடுத்த பார்சலும் அந்த நொடியிலிருந்து உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு அதைக் கொடுத்தவர் யார்? சிங்கப்பூர் சட்டத்தில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. உங்கள் வசமிருக்கும் பையில் போதைப்பொருள் இருந்தால், அது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். 'ஊர்க்காரர் கொடுத்தார்' என்பது அங்கே ஒரு கதை மட்டுமே.

அதற்காக உறவுகளிடம் முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல வேண்டியதில்லை. "அண்ணே, பிரிச்சுக் காட்டுங்க, நானே பேக் பண்ணிக்கிறேன்" என்று சொன்னால் போதும். நியாயமான பார்சல்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அதுவே உங்களுக்கான பதில்.

திருச்சியிடம் என்ன கேட்கலாம்?

திருச்சியிலிருந்து கிளம்புகிறவர்களில் பலர் முதல்முறை விமானம் ஏறும் தொழிலாளர்கள். ஸ்பீக்கரில் தன் பெயரை ஆங்கிலத்தில் கேட்டு, 'பெட்டியைத் திறங்க' என்று யாரோ சொன்னால், என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் நடுங்கிப்போவார்கள். பழைய முறையில் மெஷின் கண் முன்னால் இருந்தது; பவர் பேங்க் இருந்தால் அங்கேயே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம். இன்லைனில் அந்த வாய்ப்பு இல்லை. பெட்டி போன பிறகுதான் கூப்பிடுவார்கள். அதற்குள் நீங்கள் குடியேற்றச் சோதனையைத் தாண்டியிருக்கலாம், விமானம் கிளம்பும் நேரம் நெருங்கியிருக்கலாம்.

அதனால் சிஸ்டம் எவ்வளவு நவீனமாகிறதோ, அவ்வளவுக்குப் பயணியிடம் முன்கூட்டியே பேச வேண்டும். கவுன்டருக்கு முன்னால், வரிசையில் நிற்கும்போதே கண்ணில் படும்படி, படங்களோடு, தமிழில் பெரிய போர்டு. 'பெட்டியில் பவர் பேங்க் இருக்கிறதா?' என்று டேக் ஒட்டும் முன் தமிழில் ஒரு கேள்வி. கடைசி நிமிடத்தில் பெட்டியைத் திறந்து மாற்றிவைக்க ஓரமாக ஒரு மேஜை. பெட்டியைத் திறந்து பார்க்க அழைத்தால் அது குற்றச்சாட்டு இல்லை, வழக்கமான சோதனைதான் என்று தமிழில் ஓர் அறிவிப்பு. 1,100 கோடி ரூபாய்க் கட்டடத்தில் இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால், நான்காம் கட்டத்துக்கு வரும் பெட்டிகள் குறையும், விமானங்கள் நேரத்துக்குக் கிளம்பும், ஸ்கிரீனரின் கண்கள் உண்மையிலேயே பார்க்க வேண்டிய பெட்டிக்கு மிச்சமிருக்கும்.

நம் பக்கம் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது. கவுன்டரில், "பெட்டியை நீங்களே பேக் பண்ணீங்களா? வேற யாராவது ஏதாவது குடுத்தாங்களா?" என்று கேட்பார்கள். போனைப் பார்த்துக்கொண்டே 'ஆமா... இல்லை' என்று நாம் தட்டிவிடும் கேள்வி அது. அடுத்த முறை ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ரப்பர் திரைக்குப் பின்னால் இருக்கும் எந்த மெஷினாலும் கேட்க முடியாத கேள்வி அது ஒன்றுதான்.